அத்தியாயம் 6: சின்னக் கார், வேகக் கார் – விலையும் கிடைக்கும் வழியும்

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருப்பவர் வீட்டு வாசலில் பெரும்பாலும் ஒரு இன்னோவா நிற்கும். குடும்பத்தோடு விசேஷத்துக்குப் போக, மதுரை, திருச்சி என்று வேலையாகப் போய்வர அது போதும். இரண்டாவது கார் என்ற பேச்சு எழும்போதுதான் வீட்டில் சிக்கல். அப்பாவுக்கு மைலேஜ் வேண்டும். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த மகனுக்கு, நம் தெருவுக்குள் திரும்பக்கூடிய, ஆனால் மிதித்தால் பாய்கிற கார் வேண்டும். "அதே கம்பெனி, அதே பாடி. இதுக்கு மட்டும் ஏன்டா ரெண்டு லட்சம் கூட?" என்பார் அப்பா. மகனிடம் பதில் இருக்காது. ஷோரூம் பையனிடமும் இருக்காது.

எஞ்சினுக்குள் தேடினால் இதற்குப் பாதி விடைதான் அகப்படும். மீதிப் பாதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் தொடக்கமோ நம் தொகுதியில்.

கோடு விழுந்த கதை

2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எது சிறிய கார் என்பதற்கும் அப்போது ஒரு கணக்கு வகுத்தார்கள். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அறிவித்தவர் ப. சிதம்பரம். அப்போது அவர் சிவகங்கைத் தொகுதியின் எம்.பி. கண்டனூர் புதுவயல் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வரிகளின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் அந்தக் கோடு மட்டும் நின்றுவிட்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது செஸ் வழியாகத் தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. இப்போது கோட்டுக்கு உள்ளே இருக்கும் காருக்கு 18 சதவீதம், வெளியே இருப்பதற்கு 40 சதவீதம்.

இதை ரூபாயில் பார்க்கலாம். வரிக்கு முன் 8 லட்சம் ரூபாய் பெறும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நான்கு மீட்டருக்குள். ஒன்றில் 1199 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின், மற்றதில் 1368 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின். முதல் கார் 18 சதவீதம் சேர்ந்து 9,44,000 ரூபாய் ஆகிறது. இரண்டாவது 40 சதவீதம் சேர்ந்து 11,20,000. அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் 2023 நவம்பரில் மாற்றப்பட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஷோரூம் விலைக்கு இந்த விகிதத்தைப் போட்டால் முதல் காருக்கு 1,22,720 ரூபாய், இரண்டாவதற்கு 2,01,600. ஆக, வெறும் 169 சி.சி. கூடுதலுக்காக வாங்குபவர் கொடுப்பது 2,54,880 ரூபாய். அதில் ஒரு காசுகூட எஞ்சினுக்குப் போகவில்லை.

உலகத்தில் பெயர் எடுத்த வேகக் குட்டிகள் இங்கே ஏன் வருவதில்லை என்பது இப்போது புரியும். சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 1.4 லிட்டர் டர்போ. டொயோட்டா ஜி.ஆர். யாரிஸில் 1.6. துருக்கியில் தயாரான ஹூண்டாய் ஐ20 என் காரிலும் 1.6 லிட்டர், 204 குதிரைத்திறன். எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம். நமக்கு இருங்காட்டுக்கோட்டையில் செய்து தருவது ஐ20 என் லைன். 998 சி.சி., 120 குதிரைத்திறன். பின்னால் ஒட்டிய எழுத்து ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். கார் ஒன்றல்ல. யூடியூபில் ஐரோப்பியக் காரின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்திய நிறுவனங்கள் கோட்டுக்குள்ளேயே வித்தை காட்டிப் பார்த்தன. மாருதி 2017 மார்ச்சில் 1.0 லிட்டர் டர்போவோடு பலேனோ ஆர்.எஸ். கொண்டுவந்தது, 8.69 லட்சம். டாடா 2018 அக்டோபரில் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டியாகோ ஜே.டி.பி.யை 6.39 லட்சத்துக்கும் டிகோர் ஜே.டி.பி.யை 7.49 லட்சத்துக்கும் தந்தது. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், மாற்றி அமைத்த சஸ்பென்ஷன். அந்த விலைக்கு அப்படி ஒரு கார் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. பந்தயக் கார் பட்டறையில் கை பழகிய ஊர்க்காரர்கள் தொட்ட கார் என்பது ஓட்டும்போது தெரியும். ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வருவதையொட்டி பலேனோ ஆர்.எஸ்., டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. மூன்றுமே மறைந்தன. கொஞ்சம் பேர் வாங்கும் காருக்காகப் புகை விதிச் சோதனைச் செலவை மறுபடி போட எந்தக் கம்பெனிக்கும் மனம் வரவில்லை. இப்படித்தான் நம் நாட்டில் வேகக் கார் அரிதாகிறது. யாரும் வேண்டுமென்று குறைத்துச் செய்வதில்லை, செய்வதையே விட்டுவிடுகிறார்கள்.

10 லட்சத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இன்னொரு கோடு உண்டு. விளம்பரத்தில் அது தெரியாது. ஷோரூம் விலை 9,99,000 என்றால் லைஃப் டாக்ஸ் 13 சதவீதம், அதாவது 1,29,870 ரூபாய். விலை 10,01,000 என்றால் 18 சதவீதம்: 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் விலை கூடிய கார் 52,310 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் ஷோரூம்காரர் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார். அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும் பணம். பயப்பட வேண்டாம், ரசீதை மட்டும் ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.

வேகக் கார்களின் விலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறது. டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் 2024 ஜூனில் 9.49 லட்சத்தில் தொடங்கியது, உச்ச வகை 10.99. ஐ20 என் லைன் 2021இல் 9.84 லட்சத்தில் தொடங்கியது. கீழ் வகைக்கும் மேல் வகைக்கும் எஞ்சின் ஒன்றே என்றால் சன்ரூஃபுக்காகவும் பெரிய திரைக்காகவும் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். ஆடி மாத வெயிலில் அறந்தாங்கி சாலையில் போகிறவருக்கு சன்ரூஃப் எதற்கு என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வண்ணம் வேண்டுமென்று கேட்டாலும் விலை கூடும். எந்த வகையில், எந்த வண்ணத்தில் கோட்டைத் தாண்டுகிறது என்று கோட்டேஷன் கேட்கும்போதே பார்த்துவிடுங்கள்.

வரியை மிச்சம் பிடிக்க ஒரு யோசனை எப்போதும் யாராவது சொல்வார்கள்: "காரைக்கால்ல ரிஜிஸ்டர் பண்ணிரலாம்ணே, பாண்டிச்சேரி நம்பர்." வேண்டாம். அங்கே உண்மையாகக் குடியிருப்பவருக்குத்தான் அந்தப் பதிவு. வேறு மாநிலப் பதிவெண் கொண்ட காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை இங்கே மாற்றியாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மாற்றும்போது தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். பொய் முகவரிச் சான்று கொடுத்தால் அது தனிக் குற்றம். நம் மாவட்டத்து டி.என். 63 எண்ணையே வாங்குங்கள்.

கப்பலில் வரும் கார்கள்

பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இறக்கி வீடு கட்டிய ஊர்களுக்கு, கடல் தாண்டி வரும் பொருளுக்கு என்ன விலை ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு உதாரணம் இருக்கட்டும். 2015 ஆகஸ்டில் ஃபியட் நிறுவனம் அபார்த் 595 என்ற குட்டிக் காரை முழுதாக இறக்குமதி செய்து 29.85 லட்சத்துக்கு விற்றது. அதே ஆண்டு அக்டோபரில், அதே அபார்த் பெயரில், அதே 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சின் வகையில், மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவில் செய்த புன்ட்டோவை 9.95 லட்சத்துக்குத் தந்தது. முன்னதில் 160 குதிரைத்திறன், பின்னதில் 145. பதினைந்து குதிரைக்கு இருபது லட்சம்! இரண்டும் டெல்லி ஷோரூம் விலை.

வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் சுங்க வரி. இப்போது, முழுக் காராக இறங்கும் வண்டி 40,000 டாலருக்குக் கீழே என்றால் 70 சதவீதம். அதற்கு மேல் போனால் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மேல். அதன் மேல் ஜி.எஸ்.டி., அதன் மேல் லைஃப் டாக்ஸ். வரிக்கு மேல் வரி ஏறுவதால் ஐரோப்பாவில் நடுத்தர வீட்டுக்காரர் வாங்கும் கார் இங்கே மில் முதலாளியின் காராகிவிடுகிறது.

எண்ணிக்கை குறைவாக வருவதற்கும் ஒரு விதி காரணம். ஒரு வெளிநாட்டு மாடலை இங்கே விற்க வேண்டுமானால் அதை இந்தியாவில் சோதித்துச் சான்று பெற வேண்டும். 2018இல் மத்திய அரசு இதில் ஒரு தளர்வு தந்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை, வெளிநாட்டுச் சான்றையே காட்டி இறக்கிக்கொள்ளலாம். 150, 100 என்று எண்ணி அறிவிக்கும் கார்கள் இந்த வழியில்தான் வருகின்றன. அந்த எண்ணை முடிவு செய்வது இந்த விலைக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கம்பெனியின் கணக்கு.

கணக்குத் தப்பியதும் உண்டு. 2016 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் 99 போலோ ஜி.டி.ஐ. கார்களை இறக்கியது. மூன்று கதவு, 1.8 லிட்டர், 192 குதிரைத்திறன். விலை 25.99 லட்சம். 99 மட்டுமே என்று தம்பட்டம் அடித்தும் அவை உடனே தீரவில்லை. அடுத்த ஆண்டே விலையை ஏறக்குறைய ஆறு லட்சம் குறைத்து 19.99 லட்சம் ஆக்கினார்கள். முதலில் ஓடிப்போய் வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அரிது என்பதாலேயே விலை நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மறுபக்கமும் உண்டு. அதே நிறுவனம் 2025 மே மாதம் கோல்ஃப் ஜி.டி.ஐ.யைக் கொண்டுவந்தபோது முதல் தவணை 150 கார்களும், விலை என்ன என்று சொல்லும் முன்பே பதிவாகிவிட்டன. பிறகு சொன்ன விலை 53 லட்சம். அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வந்தது, அது சின்னக் கார் அல்ல, செடான். 100 கார்கள், 49.99 லட்சம். அவையும் விலை அறிவிக்கும் முன்பே தீர்ந்தன. இரண்டிலும் 2.0 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன்.

53 லட்சத்துக்கு நம் மாநில வரி 20 சதவீதம், 10.6 லட்சம். இன்சூரன்ஸ் சேர்க்கும் முன்பே 63.6 லட்சம். புதுவயல் வீட்டில் இதற்குப் பணம் இல்லாமலில்லை. ஆனால் இந்தக் காரைத் தாழ்வான வயிற்றோடு நம் ஊர் வேகத்தடைகள் மேல் ஏற்ற வேண்டும், டயர் கிழிந்தால் அளவு கிடைக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும், சர்வீஸுக்கு மதுரையோ திருச்சியோ போக வேண்டும். திரும்ப விற்கும் விலையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வாங்க முடியுமானால் வாங்குங்கள். "பின்னாடி விலை ஏறும்" என்று மகன் சொல்வதை நம்பி வாங்காதீர்கள், போலோ ஜி.டி.ஐ. கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.

அப்படியும் வேண்டும் என்றால் தயாராக இருக்க வேண்டியது புக்கிங் திறக்கும் நாளுக்கு. ஆக்டேவியா ஆர்.எஸ். காருக்கு இரண்டரை லட்சம் முன்பணம் கேட்டார்கள். வழக்கமான யூ.பி.ஐ. வரம்பில் அது போகாது. நெட் பேங்கிங் வரம்பை முந்தைய நாளே உயர்த்தி வையுங்கள். பான் விவரத்தையும் முகவரியையும் ஆர்.சி. யார் பெயரில் வர வேண்டுமோ அவர் பெயரிலேயே நிரப்புங்கள். பிறகு பெயர் மாற்றித் தர மறுப்பார்கள். விலை தெரியாமல் பதிவு செய்வதால், பிடிக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

ஷோரூமில் பேச வேண்டியவை

அமெரிக்காவில் டொயோட்டா ஜி.ஆர். கொரோலா, ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்றவற்றுக்கு டீலர்கள் கம்பெனி விலைக்கு மேல் வெளிப்படையாகவே கூடுதல் கேட்டார்கள். நம் ஊரில் அப்படி வெளிப்படையாகக் கேட்க மாட்டார்கள். ஆக்சசரீஸ் பேக்கேஜ், ஷோரூம் இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று வேறு பெயர்களில் அதே பணம் வரும். இன்சூரன்ஸை வெளியே எங்கே வேண்டுமானாலும் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஹேண்ட்லிங் சார்ஜைக் கட்ட மறுக்கலாம். கிடைப்பதே அரிதான கார் என்று சொல்லி ஐம்பதாயிரத்துக்கு ஸ்டிக்கரும் சீட் கவரும் மாட்டிவிடப் பார்த்தால், மதுரையில் இன்னொரு டீலரிடம் கோட்டேஷன் வாங்கி மேசையில் வையுங்கள். பேச்சு மாறும்.

அறுவடை முடிந்து கையில் ரொக்கம் இருக்கும் நேரத்தில் கார் வாங்குவது நம் பக்கத்து வழக்கம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க டீலருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பிரித்துக் கொடுத்தாலும் ஒரே காருக்கான பணம் ஒன்றுதான். ஆலையின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த உபயோகக் காருக்கு அந்த வரவு கிடையாது. தொழிலுக்குப் பயன்படுத்துவதாகக் காட்டினால் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம், அவ்வளவுதான்.

பேரம் பேசத் தோதான நேரம் ஒன்று உண்டு. மாடல் நிற்கப் போகிறது என்று தெரிந்த கடைசி மாதங்கள். மாருதி 2019 செப்டம்பரில் பலேனோ ஆர்.எஸ். விலையை ஒரேயடியாக ஒரு லட்சம் குறைத்தது; நான்கு மாதத்தில் காரையே நிறுத்தியது. அப்போது வாங்கியவர்களுக்குக் கொள்ளை லாபம். அடுத்த புகை விதியோ பாதுகாப்பு விதியோ எப்போது அமலுக்கு வருகிறது என்று கவனித்தாலே இந்தக் கடைசி மாதங்களை ஊகித்துவிடலாம்.

பழையது தேடுபவருக்கு

உண்மையில், இந்த வகையில் பணத்துக்குச் சரியான கார் பழைய காரில்தான் கிடைக்கும். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., பலேனோ ஆர்.எஸ்., ஜே.டி.பி. இரண்டும், அபார்த் புன்ட்டோ. எல்லாமே ஏதோ ஒரு வகையில் அனாதைகள். ஃபியட் பெயரில் இப்போது இங்கே கார் விற்பனையே இல்லை. போலோ 2022இல் நின்றது. அதனால் காரைப் பார்க்கும் முன் உதிரிபாகத்தைப் பாருங்கள். பலேனோ ஆர்.எஸ். காருக்கு உடல் பாகம் பெரும்பாலும் சாதாரண பலேனோவிலிருந்தே பொருந்தும். அதன் எஞ்சின் இன்று மாருதியின் ஃபிராங்ஸில் ஓடுகிறது. நிம்மதியான தேர்வு அதுதான். ஜே.டி.பி.யின் முன் பம்பரும் பானட்டும் அதற்கென்றே செய்தவை. அவை உடைந்திருந்தால் விலை குறைவு என்று மகிழாதீர்கள்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் 7 கியர் டி.எஸ்.ஜி. பெட்டி ஓட்ட அருமை. அதன் மெகாட்ரானிக் பகுதி போனால் செலவு லட்சக்கணக்கில். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, இரண்டாம் கியரில் ஊர்ந்து பாருங்கள். உதறினாலோ கியர் விழத் தாமதித்தாலோ வேண்டாம்.

இந்தக் கார்களை முதலில் வாங்கியவர்கள் பலரும் பட்டறையில் எஞ்சின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்தவர்கள். விற்கும்போது சொல்ல மாட்டார்கள். ஓ.பி.டி. கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் இருந்தால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அது போதும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்: டயர், பிரேக் பேட், நல்ல எஞ்சின் ஆயில் மூன்றுக்கும் முதல் மாதமே பணம் ஒதுக்கிவிடுங்கள். 2023க்கு முந்தைய கார் என்றால் 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்கள் தோதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பெட்ரோல் மூடிக்குள் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

மிதித்துப் பார்க்கும் ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. சாதாரண கார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். காரைக்குடி சாலை அதற்கான இடமல்ல. நெல் லாரிகள் இரவிலும் போகும்.

புதுவயலில் முதல் வேகக் கார் வாங்குபவருக்கு என் சிபாரிசு: தமிழ்நாட்டிலேயே தயாராகி, கோட்டுக்கு உள்ளே நிற்கிற புதிய கார், பத்து லட்சத்துக்குக் கீழான வகையில், அல்லது ஒரே கையில் ஓடிய பலேனோ ஆர்.எஸ். எதை வாங்கினாலும், புதிய காரென்றால் கோட்டேஷனில் ஜி.எஸ்.டி. சதவீதம், லைஃப் டாக்ஸ் சதவீதம், தயாரான மாதம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பழையதென்றால் சர்வீஸ் ரெக்கார்டும் வங்கிக் கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் கேளுங்கள். அவை கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.